ஓட்டு வீட்டுக்கு வயதேற்றுவது எப்படி: மினியேச்சர் கட்டடத்தில் மழை, வெயில், புகை, மண்

நான் முதலில் செய்த ஓட்டு வீட்டை என் மாமாவிடம் காட்டினேன். நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வீடு நல்லாருக்கு மாப்ள. ஆனா டீயில முக்கி எடுத்தியா?" என்றார். அப்புறம் ஒரு சுவரைத் தொட்டு, "இது மேக்கால சுவர்தானே? மத்தியானத்துக்கு மேல வெயில் காயிற சுவர்ல எப்படி இவ்ளோ பாசி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அது மேற்குச் சுவரா என்பதையே நான் யோசித்திருக்கவில்லை. வாசலும் ஜன்னலும் வைத்தேன், மேலே பழுப்பு நிறத்தைக் கரைத்து ஊற்றினேன், அவ்வளவுதான்.

இந்தக் கலையின் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருகின்றன. அங்கே மாதிரி ரயில் பாதை அமைப்பவர்கள்தான் கட்டடத்துக்குக் கறையும் துருவும் ஏற்றுவதை வளர்த்தெடுத்தார்கள். கலிபோர்னியாவின் மான்ட்டரேயில் வாழ்ந்து 1973-ல் இறந்த ஜான் ஆலன் அதில் முன்னோடி. புகைப்படக்காரர் என்பதால் பளபளவென்ற பொம்மைத் தோற்றம் அவருக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அவர்களுடைய கைமுறைகள் எல்லாம் நமக்கும் உதவும். ஆனால் அவர்கள் காட்டும் நிலக்கரிப் புகையும், பனி உருகிய கறையும், பச்சைப் பாசிக் கூரையும் நம் ஊர் வீட்டில் உட்காராது. நமக்கு எட்டு மாதம் வெயில், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழை. கறை வேறு மாதிரிதான் விழும்.

அதனால் இந்த வழிகாட்டிக்கு ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் ஊர் ஒன்றில் சாலையோர ஓட்டு வீடு. முன்பக்கம் தகரம் இறக்கிய டீக்கடை, பின்பக்கம் பிற்பாடு ஒட்டிக் கட்டிய கான்கிரீட் சமையலறை. அளவு 1:50.

ஏன் 1:50? கணக்கு எளிது. 1 மீட்டர் என்றால் 2 சென்டிமீட்டர். கட்டடக்கலை மாணவர்கள் பயன்படுத்தும் அளவும் இதுதான், எனவே சிறு மனித உருவங்களும் வண்டிகளும் கிடைக்கின்றன. 1 அடி ஏறக்குறைய 6 மி.மீ. ஐந்தரை அடி மனிதர் 33 மி.மீ. ஏழடிக் கதவு 43 மி.மீ. இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். கறையின் உயரம் முதல் கோலத்தின் அகலம் வரை எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் அளக்கப்போகிறோம்.

வடக்கு எது?

பெயின்டைத் திறப்பதற்கு முன் அடிப்பலகையைக் கவிழ்த்து, அதன் அடியில் ஒரு அம்புக்குறி போட்டு 'வடக்கு' என்று எழுதுங்கள். 30-க்கு 30 செ.மீ. பலகை போதும். இனி நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பாதியை இந்த அம்புக்குறியே எடுத்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சாரல் வடக்கிலும் கிழக்கிலும் அடிக்கும். வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவர் நனைந்தால் சீக்கிரம் காயாது. ஆகவே கறுப்புப் படலம் அங்கேதான் பிடிக்கும். அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு அல்ல. ஈரத்தில் வளர்ந்து, வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் நுண்ணுயிர்ப் படலம் அது. மேற்கும் தெற்கும் வேறு கதை. அங்கே நிறம் வெளுக்கும், சுண்ணாம்பு பொரிந்து உதிரும், மரம் சாம்பல் நிறமாகி விரியும்.

அடுத்தது கட்டடத்தின் வரலாறு. நாலு வரி எழுதினால் போதும். என்னுடையது இது: வீடு 1960-களில் கட்டியது. சமையலறை 1990-களில். டீக்கடைத் தகரம் அதற்கும் பிறகு. வடக்குப் பக்கம் வேப்பமரம். போன வருடம் குரங்கு குதித்துச் சில ஓடுகள் உடைந்து, மாற்றியிருக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஓட்டின் நிறம், கான்கிரீட்டின் கறுப்பு, தகரத்தின் துரு மூன்றும் ஒரே வயதில் இருக்கக் கூடாது என்பதை இந்த நாலு வரிதான் ஞாபகப்படுத்தும்.

முடிந்தால் நேரில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். முகப்பை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எறவானத்தின் அடி, சுவரும் தரையும் சேரும் இடம், ஜன்னலின் கீழ் மூலை, பின்பக்கத் தண்ணீர்க் குழாய், இவைதான் வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எடுப்பது நல்லது. ஒருமுறை என்னை லோன் வசூலிக்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுவர்: காகிதம்தான் காரை

5 மி.மீ. ஃபோம் போர்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டி, நடுவில் நுரை இருக்கும் அட்டை. ஒன்பது அங்குலச் சுவர் 1:50-ல் 4.6 மி.மீ. ஆகும், எனவே தடிமன் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மேல் காகிதத்தைக் காரையாகவும் உள்ளே இருக்கும் நுரையைச் செங்கலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

காரை பெயர்ந்த இடம் எங்கே வரும்? சுவரின் அடியில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை. நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறி, அது காயும்போது உப்பு வெளியே வந்து பூக்கும். அந்த உப்பு காரையைத் தள்ளி உதிர்த்துவிடும். அப்படியானால் நம் மாதிரியில் கீழிருந்து 12 முதல் 18 மி.மீ. வரை. அந்த இடத்தில் காகிதத்தை பிளேடால் ஒழுங்கில்லாமல் கீறி, லேசாக ஈரப்படுத்தி உரித்தெடுங்கள். விளிம்பு பிசிறாக இருக்கட்டும், அதை ஒட்டியே காகிதம் சற்றுத் தூக்கி நின்றால் இன்னும் நல்லது. சுவரின் நடுவில் அழகுக்காக ஒரு செங்கல் திட்டு போடும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. காரணம் இல்லாமல் நடுச்சுவரில் காரை விழாது. ஆணி அடித்த இடம், பழைய குழாய் போன இடம், விரிசல் ஓடிய இடம் என்றால் சரி.

வெளியே வந்த நுரையில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் செங்கல் வரியை அழுத்துங்கள். நாட்டுச் செங்கல் 9-க்கு 4½-க்கு 3 அங்குலம் என்று வைத்தால் வெளியே தெரியும் முகம் 4.6 மி.மீ. நீளம், 1.5 மி.மீ. உயரம். ஒன்பது அங்குலச் சுவரில் சில செங்கல்கள் குறுக்கே கிடக்கும். அவற்றின் முகம் 2.3 மி.மீ.தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் கொத்தனார்கள் கண்டுபிடித்துச் சிரிக்க மாட்டார்கள்.

மீதிச் சுவருக்கு வால் புட்டியை ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து தயிர்ப் பதத்தில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பூசுங்கள். மெல்லிய ஒரு பூச்சு போதும். மூலைகளை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். அறுபது வருட வீட்டின் மூலை கத்தி முனை மாதிரி இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ரே பெயின்ட், சூப்பர் குளூ இரண்டும் வெறும் நுரையைத் தின்றுவிடும். என் இரண்டாவது வீட்டின் செங்கல் திட்டு முழுவதும் பத்து விநாடியில் குகையாகிப் போனது. நுரை தெரியும் இடத்துக்கெல்லாம் முதலில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் இரண்டு கை அடித்து மூடிவிட வேண்டும்.

ஓடு

பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது கூரையில். எனவே இங்கே நேரத்தைக் கொட்டலாம்.

நாம் சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் சொல்வது 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து ஆரம்பித்தது. ஓட்டின் முழு நீளம் சுமார் 41 செ.மீ., அகலம் 24 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருவதால் வெளியே தெரிவது ஏறக்குறைய 32-க்கு 20 செ.மீ.தான். 1:50-ல் 6.4-க்கு 4 மி.மீ. என்னுடைய கூரை ஒரு பக்கம் 12 செ.மீ. நீளம், 6 செ.மீ. சரிவு. அதாவது வரிசைக்கு 30 ஓடு, பத்து வரிசை.

முந்நூறு ஓட்டைத் தனித்தனியாக வெட்ட வேண்டாம். வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுங்கள். தடிமன் கச்சிதமாக இருக்கும். 8 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, 4 மி.மீ.க்கு ஒரு முறை கீழ் விளிம்பில் பாதி வரை கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டிலும் பேனாவால் நீளவாக்கில் இரண்டு பள்ளம். வெட்டிய பட்டைகளுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய வார்னிஷ் கொடுத்துக் காயவிட்டால் பெயின்ட் ஈரத்தில் நெளியாது. கீழ் வரிசையிலிருந்து ஒட்டிக்கொண்டு மேலே ஏறுங்கள். மொத்தத்தில் ஏழெட்டு ஓட்டை மட்டும் சற்றே கோணலாகத் திருப்பிவிடுங்கள். ஒன்றிரண்டை மூலை உடையுங்கள். ஒரே ஒரு இடத்தில் ஓடே இல்லாமல் உள்ளே ரீப்பர் தெரியட்டும், அல்லது அதற்குப் பதில் கண்ணாடி ஓடு. ஓ.எச்.பி. தாள் எனப்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் கண்ணாடி ஓடு ஆகிவிடும். முகட்டு ஓட்டுக்குக் காகிதத்தை பென்சிலில் சுற்றி எடுத்து, இடைவெளிகளில் புட்டிக் கலவையைப் பிதுங்க வைத்துப் பூசுங்கள்.

நிறம். செங்காவியும் பழுப்பும் ஆரஞ்சும் கலந்து மூன்று குவியல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடு நிறத்தை முழுக் கூரைக்கும். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் பத்துக்கு ஒன்று வெளிறிய ஓடு, பதினைந்துக்கு ஒன்று கருத்த ஓடு. குரங்கு உடைத்து மாற்றிய புது ஓடுகள் நாலைந்து பளிச்சென்ற ஆரஞ்சில் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்க வேண்டும். அங்கொன்று இங்கொன்றாகச் சிதறினால் அது அலங்காரமாகத்தான் தெரியும்.

இப்போது வடக்குச் சரிவு. வேப்பமரத்தின் நிழல் விழும் பகுதியில் கறுப்பும் கரும்பச்சையும் கலந்த நீர்த்த பெயின்டை, ஓட்டின் பள்ளங்களில் மட்டும் மேலிருந்து கீழாக ஓடவிடுங்கள். ஓட்டின் மேடு சிவப்பாகவே இருக்கட்டும். எறவானத்தை நெருங்க நெருங்கக் கறுப்பு அதிகரிக்கும், முகட்டுக்கு அருகில் குறையும், ஏனென்றால் தண்ணீர் கீழேதான் அதிக நேரம் தங்கும். காய்ந்த பிறகு முகட்டுக்கு அருகில் ட்ரை பிரஷ். அதாவது பிரஷ்ஷில் பெயின்டைத் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடுகளில் மட்டும் வெளிறிய நிறமாகத் தடவுவது. தெற்குச் சரிவுக்கு இந்த ட்ரை பிரஷ் மட்டும் போதும். இரண்டு சரிவும் வேறு வேறு வீட்டுடையது மாதிரி தெரிகிறதே என்று பயம் வரும். நிஜத்திலும் அப்படித்தான் இருக்கும். விட்டுவிடுங்கள்.

சுண்ணாம்பு உரிவது

வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளை அடித்த சுவரில் பத்திருபது தோல் இருக்கும். நீலம் போட்ட வெள்ளை, ஒரு வருடம் ரோஸ், ஒரு வருடம் வெளிர் பச்சை. உரியும்போது எல்லாமே எட்டிப் பார்க்கும்.

மேல்நாட்டுப் பாடங்களில் இதற்கு ஹேர் ஸ்ப்ரே முறை சொல்வார்கள். அடி நிறத்தின் மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் மேல் நிறம் பூசி, ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் தண்ணீரில் ஸ்ப்ரே கரைந்து மேல் நிறம் பெயர்ந்து வரும். நல்ல முறைதான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் போஸ்டர் கலரே இந்த வேலையைச் செய்யும் என்பது என் அனுபவம். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். அக்ரிலிக் இளகாது.

முதலில் காரை நிறத்தை, சாம்பல் கலந்த மணல் நிறம், அக்ரிலிக்கில் பூசி ஒருநாள் விடுங்கள். மேலே போஸ்டர் கலரில் வெளிர் பச்சை. காய்ந்ததும் ஈரத் துணியை விரலில் சுற்றி, உரிய வேண்டிய இடத்தில் ஒற்றி ஒற்றி எடுங்கள். இந்த நிலையில் முப்பது செ.மீ. தள்ளி நின்று மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய தடவை. பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினால் எல்லாம் கரைந்து சேறாகிவிடும். பிறகு அடுத்த தோல், நீலம் போட்ட வெள்ளை. வெள்ளையில் நீலம் ஒரு ஊசி முனை அளவு போதும். மறுபடி ஒற்றுதல், மறுபடி வார்னிஷ். மூன்று தோலுக்கு மேல் போனால் சலிப்புதான் மிஞ்சும்.

எங்கே அதிகம் உரிய வேண்டும்? அடியில் உப்புப் பூக்கும் பகுதிக்கு மேல் விளிம்பு, மேற்குச் சுவரில் வெயில் காயும் நடுப்பகுதி. எறவானத்துக்கு நேர் கீழே, மழையும் வெயிலும் எட்டாத ஒரு பட்டை, கடைசியாக அடித்த வெள்ளை அப்படியே புதிதாக இருக்கும். அந்தப் பட்டையைக் கைபடாமல் விடுங்கள். அதன் அருகில்தான் மற்றதெல்லாம் பழசாகத் தெரியும்.

உப்பு பூத்த இடத்துக்கு வெள்ளை சாஃப்ட் பேஸ்டலை பிளேடால் சுரண்டி, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கடையில் கேட்கும்போது ஆயில் பேஸ்டல் கொடுத்துவிடுவார்கள், கவனம். அது மெழுகு, தூளாகாது.

தண்ணீர் போன தடம்

பின்பக்கக் கான்கிரீட் சமையலறையின் கைப்பிடிச் சுவருக்கும் சன்ஷேடுக்கும் இந்தப் பகுதி. ஓட்டு வீட்டைவிட இங்கே கறை தெளிவாகத் தெரியும். கைப்பிடிச் சுவரின் மேல்தளம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. அங்கிருந்து கீழே ஒழுகும் கோடுகள் மேலே தடித்து, கீழே வர வர மெலிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் நிற்கும். சன்ஷேடின் இரண்டு ஓரத்திலிருந்தும் சுவரில் ஒரு கரிய கோடு இறங்கும். சன்ஷேடுக்கு நேர் கீழே சுவர் சுத்தமாக இருக்கும். தளத்துத் தண்ணீர் வெளியேறும் குழாயின் கீழே நீண்ட நாக்கு மாதிரி ஒரு பச்சைக் கறுப்பு. ஜன்னல் கம்பி சுவரில் நுழையும் இடங்களில் மெல்லிய துருக் கோடு.

செய்முறை எளிது. சுவரை நேராக நிமிர்த்தி வைத்து, தண்ணீரால் ஈரமாக்கி, மேலே புள்ளியாக நீர்த்த அக்ரிலிக் வைத்து, சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே வேறு நிறம். கறுப்புக் குப்பியை மூடிவையுங்கள். கரும்பழுப்பும் கரும்பச்சையும் கலந்தால் வரும் கறுப்பே நிஜமாக இருக்கும். படுக்க வைத்துப் பூசாதீர்கள், கறை குளம் கட்டிவிடும்.

முழுச் சுவரின் சிறு பள்ளங்களும் விரிசல்களும் தெரிய வேண்டுமென்றால் மை வாஷ், அதாவது நன்றாக நீர்த்த மைப் பூச்சு, உண்டு. 100 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி இந்தியன் இங்க். போதவில்லை என்றால் 2 மில்லி. இது மேட் வார்னிஷ் மேல் பட்டால் சிலசமயம் வெள்ளையாகப் பூத்துவிடும், அக்ரிலிக்கையும் இளக்கலாம். ஆகவே ஒரு வீண்துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைத் தொட வேண்டும். அடுப்பு, சாம்பிராணி பக்கத்தில் வேண்டாம்.

டீக்கடை

முன்பக்கத் தகரத்துக்கு மாத்திரை அட்டையின் பின்பக்க ஃபாயிலோ, சாப்பாடு மடிக்கும் ஃபாயிலின் இரண்டு மடிப்போ போதும். நெளிவுக்கு ஒரு சின்ன வித்தை. நிஜத் தகர ஷீட்டின் நெளிவுக்கு நெளிவு 75 மி.மீ. 1:50-ல் அது 1.5 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்10 போல்ட்டின் மரை இடைவெளியும் சரியாக 1.5 மி.மீ.தான். பழைய மவுஸ் பேடின் மேல் ஃபாயிலை வைத்து, போல்ட்டை அழுத்தி உருட்டினால் தகர ஷீட் தயார். ஆஸ்பெட்டாஸ் வேண்டுமென்றால் நிஜத்தில் நெளிவு 146 மி.மீ., எனவே எம்24 போல்ட். அதன் மரை 3 மி.மீ. அதற்குத் துரு பூசிவிடாதீர்கள், அது சாம்பலாகிக் கறுக்குமே தவிர துருப்பிடிக்காது.

துரு ஆரம்பிக்கும் இடங்கள் மூன்று: ஆணி அடித்த ஓட்டை, கீழ் விளிம்பு, ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் இடம். முதலில் அங்கே கரும்பழுப்பை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். அது பழைய துரு. அதன் நடுவில், அதைவிடச் சிறிதாக, ஆரஞ்சு. அது புதுத் துரு. பலர் முழு ஷீட்டையும் ஆரஞ்சாக்கிவிடுவார்கள், மாம்பழம் மாதிரி இருக்கும். தகரத்தின் மேல் இரண்டு செங்கல், ஒரு பழைய டயர், மூலையில் நீலத் தார்ப்பாய் துண்டு. காற்றுக்குப் பறக்காமல் இருக்க வேண்டுமே.

அடுப்புக்கு மேலே புகைக்கறை கீழே குறுகலாகவும் மேலே விரிந்தும் இருக்கும், தகரத்தின் அடிப்பக்கம் போய் முட்டிப் பரவும். கரித்தூளை மெல்லிய துணியில் சலித்து, உலர்ந்த பிரஷ்ஷால் மேல்நோக்கித் தேய்த்து ஏற்றுங்கள். பஜ்ஜிச் சட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் எண்ணெய் தெறித்திருக்கும். அங்கே மட்டும் பளபள வார்னிஷைக் கொஞ்சம் பழுப்பு கலந்து புள்ளி வையுங்கள். மேட் பூச்சும் பளபளப்பும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெஞ்சின் நடுப்பகுதி, தூணில் ஆட்கள் சாய்ந்து நிற்கும் உயரம், இவையும் உட்கார்ந்து உட்கார்ந்தும் தேய்ந்து தேய்ந்தும் லேசாக மினுங்கும்.

சுவரொட்டிகளை விட்டுவிட முடியாது. 20-க்கு 30 அங்குலப் போஸ்டர் நம் அளவில் 10-க்கு 15 மி.மீ. கற்பனைப் பெயர்களோடு கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, மாட்டுத் தீவனம் என்று நாலைந்து வடிவமைத்து பிரின்ட் எடுங்கள். பின்பக்கத்தை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டினால் சுவரின் மேடுபள்ளத்தில் ஒட்டிப் படியும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, காய்வதற்குள் மேல் தாளைப் பாதி கிழியுங்கள். தரையிலிருந்து 25, 30 மி.மீ. உயரம் வரை போஸ்டர்களின் அடி பிய்ந்திருக்கட்டும். அந்த உயரம் மாட்டுக்கு எட்டும்.

செம்மண்

ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்து, சுவரின் அடியில் ஒன்று ஒன்றரை அடிக்குச் சிவப்புப் பட்டை பிடிக்கும். புதுக்கோட்டைச் செம்மண்ணின் கையெழுத்து அது. 6 முதல் 9 மி.மீ. உயரத்துக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் செங்காவி தொட்டு, கட்டைவிரலால் நரம்புகளைச் சுண்டித் தெறிக்கவிடுங்கள். மேலே போகப் போகக் குறைய வேண்டும். எறவானத்துக்கு நேர் கீழே தரையில் ஓட்டு வரிசைக்கு ஒன்றாக, 4 மி.மீ. இடைவெளியில் சிறு குழிகள். அவற்றில் மண் போய்ச் சரளை மட்டும் நிற்கும். இதைச் செய்துவிட்டு மாமாவிடம் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் விரலால் அந்தக் குழிகளை எண்ணினார். உங்கள் கதை கோவில்பட்டிப் பக்கம் என்றால் இந்த இடத்தில் கரிசல், தஞ்சாவூர் என்றால் வண்டல். நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தரைக்கு நிஜ மண்ணே நல்லது. சல்லடையில் ஒருமுறை, பிறகு பழைய நைலான் காலுறையில் ஒருமுறை சலித்து, வேண்டாத வாணலியில் வறுத்தெடுங்கள். பூஞ்சையும் பூச்சி முட்டையும் போகும். ரயில் பாதையும் வைக்கப்போகிறீர்கள் என்றால் மண்ணில் ஒரு காந்தத்தை ஓட்டி இரும்புத்தூளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது எஞ்சின் மோட்டாரில் போய் ஒட்டும். அடிப்பலகையில் ஃபெவிகால் தடவி மண்ணைத் தூவி, மேலே சோப்புத் தண்ணீரை மெல்லிய ஸ்ப்ரேயாக அடித்து நனைத்துவிட்டு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கலந்து டிராப்பரில் ஊற்றுங்கள். முன்னாலேயே நனைக்காவிட்டால் சொட்டு உருண்டையாகி மண்ணைக் குழி பறிக்கும். பசை காய்ந்ததும் மண் கருத்துவிடும். காய்ந்த பிறகு வறுத்த மண்ணையே இன்னும் நைஸாகச் சலித்து மேலே தூவினால் பழைய புழுதி நிறம் திரும்ப வரும்.

தார்ச்சாலை கறுப்பு அல்ல, சாம்பல். ஓரம் உடைந்து செம்மண்ணில் கரையும். சக்கரம் போகும் இரண்டு தடமும் சற்று மினுங்கும். சாக்கடைக்குக் கரும்பச்சை பூசி, மேலே பளபள வார்னிஷை மெலிதாக நாலைந்து தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. தடிமனாக ஒரே தடவை ஊற்றினால் மாதக்கணக்கில் காயாது. நவராத்திரிக் கொலுவில் பார்க் வைத்துக் கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்லாக்கிய பிள்ளைகளுக்கு இந்த வேலை எல்லாம் புதிதல்ல. கொலுவில் குளத்தைவிட வாத்து பெரிதாக இருக்கலாம், இங்கே கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மரத்தைக் குட்டையாக்காதீர்கள். 12 மீட்டர் வேம்பு 1:50-ல் 24 செ.மீ., வீட்டைவிட நன்றாகவே உயரம். பழைய வயரின் செம்புக் கம்பிகளை முறுக்கி அடிமரம், பிரித்துப் பிரித்துக் கிளைகள். ஃபெவிகாலும் மரத்தூளும் கலந்து பட்டை. இலைக்குக் குளியல் ஸ்பாஞ்சைப் பெயின்டில் நனைத்துக் காயவைத்து மிக்ஸியில் பொடிக்கலாம். அதற்கென்று ஒரு பழைய ஜார் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு ஜாரில் பொடித்தால் வரும் சண்டைக்கு நான் பொறுப்பல்ல. மரத்தடியில் பழுப்பு இலைச் சருகு, அதற்கு நேர் மேலே கூரைப் பள்ளங்களிலும் அதே சருகு. சுவரோரம் சணல் நாரை 3 மி.மீ.க்கு வெட்டி நட்டால் காய்ந்த புல். சமையலறைக் கைப்பிடிச் சுவரின் விரிசலில் ஒரு அரசங்கன்று முளைக்கட்டும், வேர் விரிசல் வழியே இறங்கட்டும்.

வாழ்கிறவர்களின் அடையாளம்

கட்டடம் மங்கலாக இருக்கும். அதன் நடுவே பிளாஸ்டிக் குடங்கள் மட்டும் பச்சை, ஆரஞ்சு, ரோஸ் என்று கத்தும். அந்தக் கத்தலை அடக்க வேண்டாம், இரண்டு மூன்று குடம் போதும். வாசலில் 18 மி.மீ. அகலத்துக்கு ஒரு கோலம், வெள்ளைப் பென்சிலில், ஒரு பக்கம் காலடி பட்டு அழிந்து. நிலைப்படியில் மஞ்சள் குங்குமம். மேலே போன பண்டிகைக்குக் கட்டிய மாவிலை காய்ந்து பழுப்பாக. கம்பத்திலிருந்து வரும் கரண்டு வயருக்கு எலாஸ்டிக் நூல், லேசாகத் தொங்கவிட்டு.

மனிதர்களைக் குறைவாக வையுங்கள். டீ ஆற்றும் ஒருவர், பெஞ்சில் பேப்பர் படிக்கும் ஒருவர். ஓடுகிறவர், கை வீசுகிறவர் வேண்டாம். அசைவில் உறைந்த உருவம் சில நிமிடத்திலேயே சலித்துவிடும்.

செய்து முடித்த பிறகு

முடிந்துவிட்டதா என்று பார்க்க போனை வீட்டின் வாசல் உயரத்துக்கு, அதாவது மேசை மட்டத்துக்கு இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எது கட்டடத்தை விட்டுத் தனியாகத் துருத்துகிறதோ அதுதான் அதிகமாகப் பூசிய கறை. அதன் மேல் மண் நிற பேஸ்டல் தூள் ஒரு தடவல், அடங்கிவிடும்.

சமையலறைப் பொருட்களால் நிறம் ஏற்றும் ஆசை எல்லாருக்கும் வரும். காபித்தூள் கறைக்கு அருமையாக இருந்தது. மூன்றாவது மாதம், மழைக்காலத்தில், என் கிழக்குச் சுவர் முழுக்க நிஜப் பூஞ்சையே முளைத்துவிட்டது. மஞ்சள்தூள் வெளிச்சத்தில் சில வாரத்தில் வெளுத்துவிடும். மைதாப் பசை கரப்பானுக்கு விருந்து. காவிக்கல் பொடி, செங்கல் பொடி, கரித்தூள், மண் இவை நாலுக்கும் எதுவும் ஆகாது, தைரியமாகப் பயன்படுத்தலாம்.

கண்ணாடிப் பெட்டியோ அக்ரிலிக் மூடியோ போட்டு நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஃபோம் போர்டின் நுரை பாலிஸ்டைரீன், அந்துருண்டையின் நாஃப்தலீன் பட்டால் அது இளகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், மூடியைத் திறந்து மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். கூரையில் மட்டும் தட்ட வேண்டாம், அங்கே படிகிற தூசி சரியான இடத்தில்தான் படிகிறது.